மார்கழி முகப்புக்கு ஒரு செடி

வெயில் காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். அதற்குக் காகிதப்பூ ஒன்று போதும். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் மதிலைத் தாண்டித் தொங்கி, வீட்டின் குறைகளை எல்லாம் மறைத்துவிடும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் ஒவ்வொரு வீட்டின் உண்மையான முகமும் தெரியவரும். மதிலில் பாசி ஏறும். காகிதப்பூ வெறும் முள்ளாக நிற்கும். செம்பருத்தி மொட்டாகவே உதிரும். கடல் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று போன வருஷம் அடித்த பெயிண்டைச் செதில் செதிலாக உரித்துப் போடும். ஆனால் நாலு பேர் நின்று ஒரு வீட்டைப் பார்ப்பதும் அந்த மாதங்களில்தான். மார்கழியில் கோலம் பார்த்தபடி நடந்து போகிறவர்கள், பொங்கலுக்கு வரும் உறவுக்காரர்கள் எல்லாரும் வீட்டைப் பார்ப்பது அது அசிங்கமாக இருக்கும் நேரத்தில்.

ஆகவே மழையையும் பனியையும் தாங்கி, பார்ப்பவர் கண்ணுக்கு நன்றாக இருக்கும் செடி எது என்பது, கோவில்பத்தில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பெரிய கேள்வியாக இருந்தது. என் மனைவி அதை ஒரு நோய் என்பாள்.

"ஊருல மனுஷன் மழைக்கு வீடு ஒழுகுதான்னு பாப்பான். இவரு வாசல்ல பூ பூக்குதான்னு பாக்குறாரு" என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நான் எழுத உட்கார்ந்தது செடியைப் பற்றி. ஆனால் முதல் பத்தியை முடித்ததும் எழுந்து போய், மகள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி வந்து உட்கார்ந்தேன். கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் நான் அப்படித்தான்.

நாங்கள் வாங்கிய மனை முன்பு யாருடைய கொல்லையாகவோ இருந்தது. வடகிழக்கு மூலையில், தெருவை ஒட்டி, செங்கல் கட்டிய பழைய கிணறு ஒன்று இருந்தது. ஈசானிய மூலையில் தண்ணீர், இதைவிட வேறென்ன வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். என் கண்ணுக்கு அதெல்லாம் தெரியவில்லை. கிணற்றின் கைப்பிடிச் சுவர் என் முழங்கால் உயரம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பிறந்தவள். அவள் அந்தச் சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்ப்பது போல எனக்கு விழித்திருக்கும்போதே கனவு வரும். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, மூடிவிடலாம் என்றேன். கிணற்றை மூடுவது பாவம் என்று விழிதியூரில் மாமனார் முணுமுணுத்தார். நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கிணற்றைச் சும்மா மூடிவிடுவதில்லை. மஞ்சள் தண்ணீரும் பாலும் ஊற்றி, கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் முதல் சட்டி மண்ணைப் போடுவார்கள். அதையெல்லாம் செய்தோம். செங்கல் துண்டும் காரையும் மணலுமாக நிரப்ப ஆரம்பித்த கொத்தனார் வேலையை நிறுத்தி, நீளமான பிவிசி குழாய் ஒன்று வேண்டும் என்றார்.

"எதுக்கு?"

"மூச்சு விடத்தான் சார். கெணத்த மூடுனா அதுக்கு ஒரு மூச்சுக் கொழா வைக்கணும். இல்லாட்டி வீட்டுல இருக்குற ஆளுக்கு மூச்சு முட்டும்."

நான் படித்தவன், அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். இதை நம்புவதா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். பிறகு, மகள் இருக்கும் வீடு, எதற்கு வம்பு என்று குழாயை வாங்கிக் கொடுத்தேன். அடியிலிருந்து மேலே வரை நிறுத்தி, தரைக்கு மேல் இடுப்பு உயரம் விட்டார்கள். வாசலின் வலது பக்கத்தில் அது எப்போதும் நின்றது. பந்தல் போட வந்தவர்கள் ஒரு காலை நட்டுவிட்டு மறந்து போனது போல இருக்கும்.

குடிவந்த பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் அது மூச்சு விட ஆரம்பித்தது.

இதை அழகுக்காகச் சொல்லவில்லை. கார்த்திகை அடைமழையில் நிலத்தடி நீர் ஏறும்போது, கீழே கல் இடுக்குகளில் இருக்கும் காற்று மேலே தள்ளப்படுகிறது. அது வெளியேற ஒரே வழி அந்தக் குழாய். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. ஆனாலும் மழை ஓய்ந்த மத்தியானம் ஒன்றில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது, வாசலில் நின்று 'ஹூ' என்று ஒரு நீண்ட மூச்சைக் கேட்டால், தெரிந்த விஷயம் எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வராது. அந்த மூச்சில் ஒரு வாடையும் இருக்கும். பாசியும் பழைய செங்கல்லும் கலந்த, குளிர்ந்த வாடை.

என் மகளுக்கு அதனிடம் பயமில்லை. வளர வளர அதுதான் அவளுடைய விளையாட்டாயிற்று. நந்தியாவட்டை இதழ் ஒன்றைக் குழாயின் வாயில் பிடித்து விடுவாள். ஈரமான நாட்களில் இதழ் மேலே எழும்பி, கொஞ்சம் ஆடி, பக்கத்தில் விழும். மழைவிட்டு வெயில் காய்ந்த நாட்களில் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"அப்பா, இன்னிக்கு வேணாங்குது."

"எது?"

"அதான்."

மறுவாரம் வந்து, "இன்னிக்கு வாங்கிக்கிச்சுப்பா" என்பாள்.

ஒரு நாள் குழாயைக் கட்டிக்கொண்டு, வாயை அதன் ஓரத்தில் வைத்துப் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து அவள் குரல் பெரியதாகி வந்தது. நான் போய் அவளைக் குழாயிலிருந்து பிரித்தெடுத்தேன்.

"அதோட என்ன பேச்சு? பதிலா சொல்லுது?"

"அது பேசாதுப்பா. நான்தான் பேசுவேன். அது கேட்டுக்கிட்டே இருக்கும்."

அன்றைக்கே அந்தக் குழாயை மறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மார்கழி முகப்புக்கு ஒரு நல்ல செடி வேண்டும் என்ற என் பழைய ஆசைக்கு அப்போதுதான் ஓர் அவசரம் வந்தது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. வாசல் பார்க்க நன்றாக இல்லை என்று மட்டும் சொன்னேன்.

திருவேட்டக்குடி போகும் வழியில் ஒரு நர்சரி இருந்தது. அதன் முதலாளிக்கு எல்லாச் செடியும் ஒன்றுதான்.

"குரோட்டன்ஸ் எடுத்துக்குங்க சார். மழைக்கு ஒண்ணும் ஆவாது."

"முசாண்டா?"

"அதுவும் ஒண்ணும் ஆவாது."

"போன வருஷம் இப்படிச் சொல்லித்தான் குடுத்தீங்க. ஒண்ணு விடாம செத்துப்போச்சு."

"சாவல சார், தூங்கும். தையில எந்திரிக்கும்."

"பங்குனி வரைக்கும் எந்திரிக்கலையே."

"ஒங்களுக்குப் பொறுமை இல்ல சார்" என்றார் சிரிக்காமல்.

பட்ட அனுபவத்தில் சில விஷயங்கள் எனக்கே தெரிந்திருந்தன. எங்கள் மண்ணில் மழைக்காலச் செடிக்கு முதல் தகுதி, வேர் தண்ணீரில் நின்றாலும் அழுகாமல் இருப்பது. அடுத்தது, உப்புக்காற்றில் இலை ஓரம் கருகாமல் இருப்பது. பூ இல்லாத நாளிலும் இலையே பார்க்க நன்றாக இருக்க வேண்டும். மதிலைவிட உயரமாகப் போகக்கூடாது, போனால் வீடு ஒளிந்துகொண்டது போல் ஆகிவிடும். இதற்கெல்லாம் பொருந்தி வருவது அரளி. காற்று, உப்பு, தண்ணீர் எதற்கும் அசையாது. நான் வாயைத் திறந்ததுமே மனைவி வெட்டினாள்.

"புள்ள இருக்குற வீட்டுல விஷச்செடியா? ஒங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் பயமாச்சே, இதுக்கு மட்டும் எங்க போச்சு?"

அவள் சொன்னது சரி. எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் மதில் ஓரமாக இட்லிப்பூ வைப்பது என்றும், குழாயைச் சுற்றி டிசம்பர் பூ வைப்பது என்றும் பேசி முடித்தோம். டிசம்பர் பூ அவள் யோசனைதான். விழிதியூரில் அவள் பிறந்த வீட்டுக் கொல்லையில் சும்மா கிடந்த செடி. மற்றதெல்லாம் தலை தொங்கிப் போகும் மார்கழியில், இது மட்டும் ஊதா நிறத்தில் புதரோடு பூத்துத் தள்ளும். வாசனை கிடையாது. பறிக்கப் பறிக்க மறுநாள் அவ்வளவு பூ. மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த குச்சிகளை நட்டோம்.

நடுவதற்கு முன்னால் குழாயைத் தரையோடு அறுத்தேன். செடி உயரும் வரை அது துருத்திக்கொண்டு தெரியும் என்பது ஒரு காரணம். அறுத்த வாய்க்குக் கடையில் வாங்கிய மூடியை ஒட்டிவிட்டேன். மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது எப்படிப்பா மூச்சு விடும்?"

"வேற வழி வச்சாச்சு."

"எங்க?"

"பின்னாடி."

அவள் வீட்டைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கு அடுத்து வந்த மழையில் வாசல் அமைதியாக இருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மழைக்காலத்தில் செடிகள் நன்றாகப் புதர் கட்டிவிட்டன. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. மதில் ஓரம் இருந்த இட்லிப்பூ, தண்ணீர் தேங்கி ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் கீழே சாய்ந்தது. நர்சரிக்காரர் தலையில் கட்டிய குரோட்டன்ஸ் அழுகி நாறியது. டிசம்பர் பூ மட்டும் கொழித்தது. காரணம் எளிது. கீழே கல்லும் காரையும், தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது ஒரு நாள் மேலிருந்து பார்த்தேன். சுற்றிலும் சேறும் செத்த செடியும். நடுவே காம்பஸ் வைத்து வரைந்தது போல ஓர் ஊதா வட்டம். எங்கே கிணறு முடிந்ததோ அங்கே செடியும் முடிந்திருந்தது. ஓர் இலைகூட அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே பிழைக்கவில்லை. நான் துணியை எடுக்காமலே கீழே இறங்கி வந்துவிட்டேன்.

ஆனால் தெரு முழுக்க அதைப் பாராட்டியது. மார்கழி பிறந்ததும் நடந்து போகிறவர்கள் நின்று, "என்ன உரம் போடுறீங்க?" என்று கேட்டார்கள். எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். தினமும் காலையில் வீடியோவில் பேசும்போது அவர், "எதிர் வீட்டைக் காட்டு" என்பாராம். அக்கா போனைத் திருப்பி எங்கள் வாசலைக் காட்டுவார்.

"எங்க மூஞ்சியப் பாக்குறதவிட ஒங்க வாசலத்தான் தம்பி அவுக அதிகமாப் பாக்குறாக. பேசாம ஒங்க வூட்டுக்கே பணத்த அனுப்பச் சொல்லிட வேண்டியதுதான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் மனைவி கோலம் போட்டு முடிக்கும் நேரத்துக்கு மகள் எழுந்து வந்துவிடுவாள். டிசம்பர் பூ பறித்துக் கோலத்தின் நடுவில் வைப்பது அவள் வேலை. மீதியை அம்மாவுக்குத் தொடுத்துத் தருவாள். முதலில் பக்கத்துக் கிளைகளில் இருப்பது மட்டும் அவளுக்கு எட்டும். உச்சியில் இருப்பதை நான் பறித்துக் கொடுப்பேன். மார்கழி பாதியில் ஒரு நாள், "நானே பறிச்சுட்டேன்" என்று உள்ளங்கை நிறையக் காட்டினாள். உச்சிப்பூ எல்லாம் அவள் கையில்.

மனைவிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "எட்டாத பூவெல்லாம் எட்டுது பாருங்க. எப்படி வளந்துட்டா!"

எனக்கும் சந்தோஷம். மகள் வகுப்பில் குட்டை. முன் வரிசையில் உட்கார வைக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு குறை. அன்று சாயங்காலம் மனைவி அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாகத் தைத்தாள். மறுநாள் போட்டுப் பார்த்தால் பாவாடை தரையைத் தொட்டது. சிரித்துக்கொண்டே மறுபடி மடித்துத் தைத்தாள். பாவாடையின் அளவை நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று என்மேல் பழியைப் போட்டாள்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. கூடத்து ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து நான் பேப்பர் படிப்பது வழக்கம். அங்கிருந்து பார்த்தால் புதருக்கு மேலே எதிர்வீட்டு மாடியின் கைப்பிடி மட்டும் தெரியும். இப்போது அவர்கள் வாசல் கேட் தெரிந்தது. கேட்டில் தொங்கும் பால் பை தெரிந்தது.

"செடியக் கத்தரிச்சியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"எனக்கு வேற வேலை இல்லையா?"

வெளியே போய்ப் பார்த்தேன். கத்தரித்த தடம் எதுவும் இல்லை. நுனியில் புதுத் தளிர் விட்டிருந்தது. செடி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கிளைகள் ஒன்றையொன்று நெருங்கி, எல்லாம் நடுப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அடர்ந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். நடுவிலே எதையோ குனிந்து பார்க்கும் ஆட்களின் கூட்டம் போல இருந்தது அது. அப்படித் தோன்றியதும் உள்ளே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அலுவலகம் கிளம்பும்போது எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, எங்க வூட்டு ஆளு கேக்குறாக. எதிர் வீட்டுல செடிய வெட்டிக்கிட்டே வர்றாகளான்னு."

"இல்லக்கா. வளந்துக்கிட்டுல்ல இருக்கு."

"அதத்தான் நானும் சொன்னேன். தெனம் பாக்குறேன், எனக்கு ஒண்ணும் தெரியல. அவுக என்னமோ, 'குட்டையாயிட்டே வருது புள்ள, நல்லாப் பாரு'ங்குறாக. அங்கன போன் சரியாத் தெரியாது போலருக்கு."

நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தினமும் கோலத்தின் பக்கத்தில் நின்ற நாங்கள் யாரும் பார்க்காததை, கடலுக்கு அப்பால் ஒரு மனிதர் உள்ளங்கை அளவு கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

காலம் தப்பி மார்கழிக் கடைசியில் ஒரு மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் தூறலாகக் குறைந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. மனைவி வாசலில் ஈரம் காயாததால் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பால் வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தித் திரும்பினேன்.

மகள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு புதர் ஓரத்தில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் செடிகளுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. இடுப்புக்கும் கீழே இருந்தன பூக்கள். அவள் குனிந்து பறித்தாள். மார்கழி பிறந்தபோது எம்பிப் பறித்தவள் இன்று குனிந்து பறிக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வளர்ந்திருக்கவில்லை.

"அப்பா" என்றாள், தலையைத் தூக்காமல். "செடி உக்காருதுப்பா."

சத்தமே இல்லை. இடியும் சத்தமோ மண் சரியும் சத்தமோ எதுவும் கேட்கவில்லை. புதர் முழுவதும், பூவோடும் இலையோடும், ஒருவர் மெதுவாகச் சம்மணம் போட்டு உட்காருவது போலக் கீழே இறங்கியது. அவள் கையில் ஒரு கிளையைப் பிடித்திருந்தாள். கிளை இறங்கியதும் அவளும் அதோடு குனிந்தாள். விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. பால் பாக்கெட் எங்கே விழுந்தது என்றும் தெரியாது. என் கைக்கு அகப்பட்டது அவள் சடை. அதைப் பிடித்து இழுத்தேன். அவள் மல்லாந்து என்மேல் விழ, இருவரும் கோலத்தின் மேல் விழுந்தோம்.

"ஆ! அப்பா வலிக்குது! முடிய விடுங்கப்பா!"

அப்போதுதான் அந்த மூச்சு வந்தது. நாங்கள் விழுந்து கிடக்கும்போது, குழிக்குள்ளிருந்து, நெடுநேரம் அடக்கி வைத்திருந்து விட்டது போல. அதே குளிர்ந்த வாடை எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. மகள் அழுகையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டாள். நான் அவள் காதைப் பொத்தினேன். 

பிறகு நான் மட்டும் வயிற்றால் ஊர்ந்து போய் எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே, சுற்றிலும் பழைய செங்கல் சுவர். நடுவில் டிசம்பர் பூச்செடிகள் ஒன்றுகூடச் சாயாமல் நின்றன. ஒரு பூ உதிரவில்லை. தண்ணீர் மெல்ல அவற்றின் அடியில் ஊறிக்கொண்டிருந்தது. இவ்வளவு அழகான செடிகளை நான் எந்த வீட்டு வாசலிலும் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டு அக்கா தெருவைத் தாண்டி வந்து, மகளை அணைத்துக்கொண்டு, "அல்லா காப்பாத்துனான், பெரிய ஆபத்து, பெரிய முஸீபத்து நீங்குச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகளுக்கு எதுவும் ஆகவில்லை. நடுவகிடு பக்கம் கொஞ்சம் முடி பிய்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரிடமும், "அப்பா என் முடியப் புடிச்சு இழுத்தாங்க" என்று புகார் சொன்னாள். 

கொத்தனார் வந்தார். என் மனைவியின் தம்பியும் விழிதியூரிலிருந்து வந்தான். அவன் சிவில் படித்தவன்.

"நான் வச்ச கொழாய யாரு சார் அறுத்தது?" என்றார் கொத்தனார். "காத்து கட்டிப்போச்சு. கட்டுனா அது வேற வழி பாக்கத்தான் செய்யும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தான்" என்றான் மைத்துனன். "நெரப்புனப்ப சரியா இடிச்சு நெரப்பல. தண்ணி ஏறி எறங்கி, உள்ள இருந்த மண்ணு கரைஞ்சு கீழ போயிடுச்சு. கொழா இருந்தாலும் எறங்கியிருக்கும்."

"அப்ப கொழா இருந்த வருஷமெல்லாம் ஏன் தம்பி எறங்கல?"

"அதுக்கு நேரம் எடுக்கும்ல?"

"அப்ப கொழாய அறுத்தப்பறம் மட்டும் எப்படி நேரம் வந்துச்சு?"

இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். என்னால் எந்தப் பக்கமும் சேர முடியவில்லை. மைத்துனன் சொன்னதைத்தான் என் புத்தி ஏற்றுக்கொண்டது. ஆனால் தினமும் பின்னிரவில் விழித்துக்கொள்ளும் என் உடம்பு கொத்தனார் பக்கம்தான் இருந்தது.

மனைவி லாரி லாரியாகக் கான்கிரீட் கொட்டி அடைத்துவிடச் சொன்னாள். எனக்கு மறுபடி மூடத் துணிவில்லை. தெரியாமல் இருப்பதைவிடக் கண்ணில் தெரிவது மேல் என்று சொல்லிச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தேன். நிரப்பியதை எல்லாம் வாரி எடுத்தார்கள். செடிகளையும் வேரோடு மேலே கொண்டுவந்து போட்டார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு குச்சி கேட்டார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று அக்காவுக்கே தோன்றியிருக்க வேண்டும். கொல்லைப்பக்கம் எல்லாவற்றையும் எரித்தோம். ஈரத்தில் புகைந்ததே தவிர எரியவில்லை.

இப்போது வாசலில் கிணறு இருக்கிறது. மார்பு உயரச் சுவர். மேலே இரும்புக் கம்பி வலை, அதற்குப் பூட்டு. முகப்பைப் பார்த்தால் ஏதோ போலீஸ் ஸ்டேஷன் போலிருக்கிறது என்று மைத்துனன் கிண்டல் செய்கிறான். செடி எதுவும் வைக்கவில்லை. சிமெண்ட் தரை போட்டுவிட்டேன். இந்த மார்கழிக்கு எங்கள் வீட்டைப் பார்த்து யாரும் நிற்கப் போவதில்லை.

சுவர் கட்டிய கையோடு, அந்தத் தை முடியும் சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் பக்கத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, அன்னிக்கு நான் உள்ள போயிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"குதிச்சிருப்பேன்."

"ஒங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"தெரியாது."

"அப்பறம் எதுக்குக் குதிப்பீங்க?"

நான் கம்பி வலையின் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.  "மாமாவுக்குத் தெரியும்" என்றாள்.

மாசியில் விழிதியூர்க் குளத்தில் தண்ணீர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மைத்துனன் அவள் வயிற்றில் கை வைத்துத் தாங்கி நீச்சல் பழக்கினான். நான் படித்துறையில் உட்கார்ந்திருப்பேன், மடியில் துண்டும் மாற்றுத் துணியும் வைத்துக்கொண்டு. முதல் நாள் மனைவியும் வந்தாள். பார்க்க முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் வரவில்லை.

பங்குனியில் ஒரு நாள், "இன்னிக்குக் கைய எடுக்கப் போறேன் அத்தான், கத்தாதீங்க" என்றான் மைத்துனன்.

"ஏண்டா, இன்னும் ஒரு வாரம்..."

"ஒங்களுக்காக எத்தன வாரம்?"

அவன் கையை எடுத்தான். அவள் தலை தண்ணீருக்குள் போயிற்று. வளையம் வளையமாக அலை விரிந்து கரையைத் தொட்டது. பிறகு குளம் பழையபடி மூடிக்கொண்டது. நான் எழுந்து நின்றேன். மடியிலிருந்த துணியெல்லாம் படியில் விழுந்து நனைந்தது. அவள் மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை இமைத்தால் அந்த இடம் தவறிவிடும் என்று பயம். அங்கே ஒன்றுமில்லை. ஒரு குமிழி கூட வரவில்லை. நான் செருப்போடு அடுத்த படியில் கால் வைத்தேன். தண்ணீர் கணுக்காலைப் பிடித்தது.

"அப்பா, அங்க இல்ல. இங்க."

நான் பார்க்காத பக்கத்தில், வெகு தூரம் தள்ளி, அவள் தலை தெரிந்தது.